பிரண்டைத் துவையல் முறிந்த எலும்பைக் கூட்டுமா?

மாடித்தோட்டக்காரி (கேள்வி):
எங்கள் மாடியில் கம்பிவலையைப் பற்றிக்கொண்டு பிரண்டை மண்டிக் கிடக்கிறது. மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கும் என் மாமியாருக்கு அதைத் துவையலாக அரைத்துக் கொடுக்கும்படி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். சென்ற வாரம் அரைத்துக் கொடுத்ததில் எனக்குக் கையும் அவருக்குத் தொண்டையும் அரித்ததுதான் மிச்சம். பக்குவத்தில் எங்கே பிழை செய்தேன்? எலும்பு கூடுவதற்கு இது உண்மையிலேயே உதவுமா?

அம்மிக்கல்:
முற்றிய தண்டைப் பறித்திருப்பீர்கள். நகத்தால் கிள்ளினால் ஒடிகிற நுனிக்கொழுந்தை மட்டும் எடுத்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, நான்கு விளிம்புகளிலும் உள்ள நாரை உரித்துக் கணுக்களை நீக்கிவிடுங்கள். பிறகு பச்சை நிறம் மாறிச் சுருளும் வரை எண்ணெயில் நன்றாக வதக்க வேண்டும். பெரும்பாலோர் அவசரப்படுவது இங்கேதான். வறுத்த உளுத்தம்பருப்பு, மிளகாயுடன் புளியைச் சற்றுத் தாராளமாக வைத்து அரையுங்கள்.

மூலிகை ஆர்வலர்:
அரிப்புக்குக் காரணம், தண்டில் ஊசிபோல் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். வச்சிரவல்லி என்று பெயர் பெற்ற இக்கொடியை எலும்போடு மட்டுமே சேர்த்துப் பேசுவது அண்மைக்கால வழக்கம் என்றே நினைக்கிறேன். சித்த மருத்துவத்தில் பசியின்மை, செரியாமை, மூலம் ஆகியவற்றுக்குத்தான் பிரண்டையும் பிரண்டை உப்பும் பெரிதும் பயன்பட்டு வந்துள்ளன. திவசச் சமையலில் பிரண்டைத் துவையல் இடம்பெறுவதும் அன்றைய கனத்த சாப்பாடு செரிப்பதற்கே என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாத்தும் விலங்குகளிடம் நடத்திய ஆய்வுகளில், பிரண்டைச் சாறு கொடுக்கப்பட்டவற்றுக்கு எலும்பு முறிவு விரைவில் கூடியது உண்மைதான். ஆனால், அந்தப் பலன் இரண்டு கரண்டித் துவையலிலும் கிடைக்கும் என்று கொள்வதற்கில்லை. மாவுக்கட்டுக்கும் எலும்பு மருத்துவரின் மருந்துக்கும் இது மாற்றாகாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஆக்சலேட் மிகுந்த இதனைத் தவிர்ப்பது நல்லது.

மாடித்தோட்டக்காரி:
இருவருக்கும் நன்றி. மாமியாருக்கு முன்பு கல் வந்ததுண்டு என்பதால் அவருக்குத் துவையலை நிறுத்திவிட்டேன். இவ்வளவு கொழுந்தை இனி என்ன செய்வது?

அம்மிக்கல்:
சாறு பிழிந்து உளுந்து மாவில் சேர்த்துப் பிசைந்தால் பிரண்டை அப்பளம் ஆயிற்று. நல்ல வெயில் வேண்டும்.