மூவ் கன்ஸ்ட்ரக்டர் எழுதியும் வெக்டர் காப்பி எடுக்கிறது, ஏன்?

கேள்வி:
நண்பர்களே, சி++17-இல் ஒரு கிளாஸ் எழுதியிருக்கிறேன். உள்ளே பெரிய பஃபர் ஒன்றைப் பிடித்திருக்கும் பாயின்டர். காப்பி (நகலெடுப்பது), மூவ் (உள்ளே இருப்பதை நகர்த்துவது) இரண்டு கன்ஸ்ட்ரக்டரும் நானே எழுதியவை. வெக்டரில் (தானாக வளரும் வரிசை) புதிதாகப் போடும் பொருள் ஒழுங்காக மூவ் ஆகிறது. ஆனால் இடம் போதாமல் வெக்டர் பெரிய புது இடத்துக்கு மாறி வளரும்போது, ஏற்கெனவே உள்ளே இருப்பவை எல்லாம் காப்பி ஆகின்றன. இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

பதில் 1:
மூவ் கன்ஸ்ட்ரக்டரில் நோஎக்செப்ட் (இதிலிருந்து எக்செப்ஷன், அதாவது ஓடும்போது எழும் பிழை, வெளியேறாது என்று சொல்லும் குறி) போட்டீர்களா? அது இல்லாவிட்டால் வெக்டர் மூவை நம்பாது. பத்துப் பொருளில் ஆறைப் புது இடத்துக்கு நகர்த்திவிட்டு, ஏழாவதில் எக்செப்ஷன் வந்தால் வெக்டர் என்ன செய்யும்? பழைய இடம் குலைந்துவிட்டது, புதியது பாதியில் நிற்கிறது. திருப்பி நகர்த்தும்போதும் எக்செப்ஷன் வரலாம். அப்படி எதுவும் நடந்தால் வெக்டர் முன்பிருந்தபடியே இருக்கும் என்று ஸ்டாண்டர்ட் வாக்குக் கொடுத்திருக்கிறது. அதைக் காப்பாற்றத்தான் காப்பி; காப்பி எடுத்தால் பழையவை அப்படியே இருக்கும். காப்பியே செய்ய முடியாத கிளாஸ் என்றால் மட்டும் வேறு வழியில்லாமல் மூவ் செய்யும்.

கேட்டவர்:
போட்டேன், சரியாகிவிட்டது! மிக்க நன்றி. ஆனால் உள்ளே பாயின்டரை மாற்றுவது தவிர வேறு வேலையே இல்லை. இதைக் கம்பைலரே கண்டுபிடிக்கக் கூடாதா? இனி எல்லா ஃபங்ஷனிலும் போட்டுவிடட்டுமா?

பதில் 2:
தயவுசெய்து வேண்டாம். நோஎக்செப்ட் போட்ட ஃபங்ஷனை விட்டு எக்செப்ஷன் வெளியேறினால் டெர்மினேட் கூப்பிடப்பட்டு புரோகிராம் அங்கேயே முடிந்துவிடும். வெளியே எக்செப்ஷனைப் பிடிக்க நீங்கள் வைத்த கேட்ச் வரை அது வராது. எண்ணைப் படிக்கும் ஒரு ஃபங்ஷனில் நான் இப்படிப் போட்டிருந்தேன், உள்ளே எழுத்தை எண்ணாக மாற்றும் ஸ்டாய் இருந்தது; எண் கிடைக்காவிட்டால் அது எக்செப்ஷன் வீசும். ஒருநாள் எண்ணுக்குப் பதில் காலி வரி வந்தது, சர்வர் விழுந்தது. கம்பைல் செய்தபோது ஓர் எர்ரர்கூட வரவில்லை.

கம்பைலர் ஏன் கண்டுபிடிப்பதில்லை என்றால், கூப்பிடும் ஃபங்ஷனின் உடல் பெரும்பாலும் வேறு ஃபைலில் இருக்கும். அப்புறம், இந்தக் குறி கூப்பிடுபவருக்குத் தரும் வாக்கு. உள்ளே ஒரு வரி மாறினால் தானாக மாறிவிடக் கூடாது.

அதனால் குறி கட்டாயம் வேண்டும் என்பேன், ஆனால் கம்பைலர் சரிபார்க்கும் குறியாக வேண்டும். ஸ்விஃப்ட் மொழியில் த்ரோஸ் (எர்ரர் வரலாம் என்ற குறி) என்று போடாத ஃபங்ஷனிலிருந்து எர்ரர் வெளியே போக கம்பைலரே விடாது. சி++-இல் அந்தப் பொறுப்பு முழுக்க நம் தலையில்.

பதில் 1:
பாயின்டருக்குப் பதில் பஃபரையே வெக்டராக வைத்து, கன்ஸ்ட்ரக்டர்களைக் கம்பைலரே எழுதும்படி டிஃபால்ட் என்று விட்டுவிடுங்கள். அப்போது நோஎக்செப்ட்டைக் கம்பைலரே கணக்கிட்டுக்கொள்ளும். கூடவே, மூவ் எக்செப்ஷன் வீசாதா என்று சொல்லும் இஸ்_நோத்ரோ_மூவ்_கன்ஸ்ட்ரக்டிபிள் வைத்து, கம்பைல் செய்யும்போதே சோதிக்கும் ஒரு ஸ்டாடிக்_அசர்ட் போடுங்கள். நாளை யாராவது ஒரு மெம்பரைச் சேர்த்து இதைக் கெடுத்தால் பில்டே நின்றுவிடும்.