ஸ்ட்ரீட் கிளைடா, ரோட் கிளைடா?

ஸ்காபரோவில் இருக்கும் என் அக்காவின் மகன் ஆடி மாதத்தில் திருகோணமலைக்கு விடுமுறையில் வந்திருந்தபோது, ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களில் ஸ்ட்ரீட் கிளைடை வாங்குவதா, ரோட் கிளைடை வாங்குவதா என்ற கேள்வியையும் கூடவே கொண்டுவந்திருந்தான். கனடாவில் வேலை செய்த காலத்தில் நான் முதலில் ஒன்றையும் பின்னர் மற்றதையும் வைத்திருந்தவன் என்பதால், "மாமா, நீங்களே ஒன்றைச் சொல்லுங்கோ" என்று விடாமல் கேட்டான்.

அவன் பார்த்துவைத்திருந்த 2024ஆம் ஆண்டு வண்டிகள் இரண்டிலும் 1923 சிசி கொண்ட அதே மில்வாக்கி-எய்ட் 117 எஞ்சின்தான். எடையிலும் 368 கிலோ, 380 கிலோ என்ற அளவுக்குத்தான் வித்தியாசம். ஆகவே எஞ்சினைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஸ்ட்ரீட் கிளைடின் முன்கவசம், அதாவது 1969 முதல் இந்த நிறுவனத்தின் அடையாளமாகிவிட்ட 'பேட்விங்' ஃபேரிங், முன்சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க்கில் பொருத்தப்பட்டிருப்பதால் ஹான்டில் திரும்பும் பக்கமெல்லாம் தானும் திரும்பும். 1998இல் அறிமுகமான ரோட் கிளைடின் ஃபேரிங்கோ வண்டியின் உடற்சட்டமான சேஸியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், ஹான்டிலை எவ்வளவு திருப்பினாலும் அசையாமல் நேரே பார்த்தபடி நிற்கும்.

இதன் விளைவை நான் ஹியூரன் ஏரிக்கரையில் அனுபவித்திருக்கிறேன். கோடரிச்சிலிருந்து கின்கார்டின் போகும் 21ஆம் இலக்க நெடுஞ்சாலையில், காற்றாலைகள் வரிசையாக நிற்கும் வெட்டவெளியில், ஏரிக்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது ஸ்ட்ரீட் கிளைடின் ஹான்டில் பிடியில் அது சிறு சிறு இழுப்பாகத் தெரியும். அதை ஆபத்து என்று சொல்லமாட்டேன்; ஆனால் பின்னேரம் வண்டியை விட்டு இறங்கும்போது முன்னங்கை உளையும். அதே சாலையில் ரோட் கிளைட் காற்றுக்கு முழு வண்டியாகச் சற்றுச் சாயுமே தவிர, அந்தத் தள்ளல் கைக்கு வராது.

வாயால் சொல்வதை விட ஓட்டிக் காட்டுவது நல்லது என்று, வீட்டில் நின்ற என் பல்சர் 150ஐயும் நண்பரிடமிருந்து வாங்கிய பல்சர் 220 எஃப்பையும் எடுத்துக்கொண்டு கிண்ணியாவுக்குப் புறப்பட்டோம். ஹார்லியோடு இவற்றை ஒப்பிட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆயினும் 150இன் சிறிய முகப்பு ஃபோர்க்கிலும் 220 எஃப்பின் ஃபேரிங் சேஸியிலும் இருப்பதால், பாடம் ஒன்றுதான். 2009இல் திறக்கப்பட்ட, 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தில் கச்சான் காற்று தம்பலகாமம் குடாப் பக்கமிருந்து மறிப்பில்லாமல் வீசும். 150இல் முன்னால் போன மருமகன், எதிரே வந்த பேருந்து கடந்த மறுகணம் ஹான்டிலை இறுக்கிப் பிடித்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். பாலத்துக்கு அப்பால் வண்டிகளை மாற்றிக்கொண்டு திரும்பியபோது அவனுடைய தோள்கள் தளர்ந்திருந்தன.

அன்றிரவே கணக்கு மறுபக்கம் புரண்டது. பிரெட்ரிக் கோட்டையடியில் திரிகிற மான்கள் இருட்டியதும் வீதியோரத்தில் படுத்துக்கிடக்கும். 220 எஃப்பில் மெதுவாக வளைத்துத் திருப்பியபோது, சக்கரம் திரும்பிய பக்கம் இருளாகவே இருக்க, விளக்கு எதிரிலிருந்த மதிலுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. படுத்திருந்த மானொன்றின் கண்கள் மின்னியதை, வண்டி பாதிக்கு மேல் திரும்பிய பிறகுதான் கண்டோம். ஹான்டிலோடு விளக்கும் திரும்பும் வண்டியில் அது முன்னமே தெரிந்திருக்கும். ரோட் கிளைடுக்கும் இதே குறை உண்டு. வாகனத் தரிப்பிடத்தில் ஹான்டில் ஒரு பக்கமும் முகம் ஒரு பக்கமுமாக நிற்கும் அந்தக் கோலம் பழகுவதற்கும் கொஞ்ச நாள் எடுக்கும்.

ஃபேரிங்கை விடப் பலர் கவனிக்காதது, அதன் மேல் நிற்கும் காற்றுத்தடுப்புக் கண்ணாடியின் உயரம். ஆறடி உயரமான மருமகனுக்கு, கண்ணாடியின் மேல்விளிம்பைத் தாண்டிவரும் காற்று தலைக்கவசத்தில் நேராக மோதினால் எந்த வண்டியும் தலையிடிதான். கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் உண்டாகும் அந்தக் குலுக்கலைத் தணிக்கத்தான் 2014இல் பேட்விங்கில் காற்றுத் துவாரம் வைத்தார்கள். அதற்கும் அடங்காவிட்டால், வேறு உயரத்தில் விற்கும் கண்ணாடியை மாற்றலாம். அதற்காக வண்டியையே மாற்றுவது வீண் செலவு.

நகரத்துக்குள்ளேயே ஓடி, வார இறுதியில் மட்டும் வெளியே போகிறவருக்கு ஸ்ட்ரீட் கிளைட் போதும் என்பது என் கருத்து; மூக்கு நீண்ட ரோட் கிளைடை விட அது பார்வைக்கும் அழகு. ஆனால் மருமகன் 401ஆம் நெடுஞ்சாலையில் பாரவண்டிகளுக்கு நடுவே நாள்தோறும் ஓடுகிறவன், விடுமுறை கிடைத்தால் டோபர்மோரி வரை போகிறவன். அவனுக்கு ரோட் கிளைட் என்றே சொன்னேன். முற்பணம் கட்டுமுன் நூறு கிலோமீற்றர் வேகத்தில், பக்கக் காற்று வீசும் நாளொன்றில், இரண்டையும் ஓட்டிப் பார்க்கும்படியும் சொல்லியனுப்பினேன்.