எட்டுக்குப் பத்து அறையில் அம்மாவுக்கு ஒரு கட்டில்

கொருக்குப்பேட்டையிலிருந்து

அம்மாவின் அறையை மாற்றி முடித்து மூன்று மாதம் ஆகிறது. சின்ன அறையை வைத்துக்கொண்டு திண்டாடுகிற வீடுகள் நம் வடசென்னைப் பக்கம் நிறைய. யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள்.

எங்களுடையது தரைத்தளம். அறை எட்டடிக்குப் பத்தடி. அதற்குள் ஒரு பீரோ, தையல் மெஷின், ஐந்தடி அகலக் கட்டில், மேலே பரண். அம்மாவுக்கு 67 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. தரையில் படுத்து எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் கட்டில் இருந்தும் அம்மா பாயை விரித்துக் கீழேதான் படுத்தார். "எனக்குப் பாய்தான்டி பழக்கம்" என்பார். பிடிவாதம் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

ஒரு நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன். தம்பி வற்புறுத்தியதால் அன்று அம்மா கட்டிலில் படுத்திருந்தார். பாத்ரூம் போக எழுந்தவர் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, இருட்டில் கால் விரல்களால் தரையைத் தேடினார். தரை எட்டவில்லை. இரண்டு கையாலும் மெத்தையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கி இறங்கினார். மறுநாள் டேப் வைத்து அளந்தேன். கட்டில் 18 அங்குலம், மெத்தை 8 அங்குலம், ஆக 26. ஐந்தடி உயரம்கூட இல்லாத பெண்மணிக்கு 26 அங்குலத்தில் படுக்கை போட்டுவிட்டு, பிடிவாதக்காரி என்று அவரையே குறை சொல்லியிருக்கிறோம். அதை இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

அந்தக் கட்டிலும் நல்ல நிலையில் இல்லை. 2019-ல் ரெடிமேடாக ஒரு கடையில் வாங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தெருவெல்லாம் கால்வாய்த் தண்ணீர். எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு நின்றது. தண்ணீர் வடிந்ததும் பார்த்தால் கட்டிலின் அடிப்பலகை ஊறிய பன் மாதிரி உப்பியிருந்தது. பிளைவுட் என்று சொல்லித்தான் விற்றார்கள். உள்ளே இருந்தது மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு. ஒருமுறை ஊறி உப்பினால் அது பழைய நிலைக்குத் திரும்பாது, ஸ்க்ரூவும் அதில் நிற்காது. செங்கல் அண்டைகொடுத்து இத்தனை நாள் ஓட்டினோம்.

இதே மழையில் அப்பாவின் பழைய தேக்குக் கட்டிலும் நனைந்தது. அப்பா போன பிறகு அதைப் பிரித்துப் பரணுக்கு அடியில் சுவரோரம் நிறுத்தி வைத்திருந்தோம். கால்கள் தண்ணீரிலேயே நின்றன. காய்ந்த பிறகு பார்த்தால் ஒன்றுமே ஆகவில்லை, நிறம் மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் புதுக் கட்டிலுக்காகக் கடை கடையாக ஏற வேண்டாம், ஆசாரியை வைத்துச் செய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்தேன்.

முதல் வேலையாக அறையைக் காலி செய்து, செய்தித்தாள்களைக் கட்டில் அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்தேன். இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். காகிதத்தில் கணக்குப் போட்டால் தெரியாதது, நடந்து பார்த்தால் தெரியும். அறை அகலம் எட்டடி. கட்டில் ஐந்தடி, எதிர்ச்சுவரில் பீரோ ஒன்றரை அடி. மிச்சம் ஒன்றரை அடி. பீரோவின் ஒரு கதவைத் திறக்கவே ஒன்றரை அடி வேண்டும். அதனால்தான் இத்தனை வருஷமும் கட்டில்மேல் மண்டியிட்டுத்தான் பீரோவில் புடவை எடுத்துக்கொண்டிருந்தோம். கட்டிலை நான்கடியாக்கினால் நடுவில் இரண்டரை அடி கிடைக்கிறது. அம்மா வாக்கர் வைத்து நடக்கிற நாள் வந்தாலும் போதும். விருந்தாளி வந்தால் கூடத்தில் படுக்கட்டும். அம்மா தினமும் படுக்கிற அறை அம்மாவுக்குத்தான்.

நான்கடியில் இன்னொரு வசதி ஆசாரி சொல்லித் தெரிந்தது. பிளைவுட் ஷீட் எட்டுக்கு நான்கு அளவில் வருகிறது. ஆறேகால் அடிக்கு நான்கடி மேல்பலகை ஒரே ஷீட்டில், நடுவில் ஒட்டே இல்லாமல் வந்துவிடும். ஐந்தடி என்றால் இரண்டு ஷீட், நடுவில் சேர்ப்பு. வால்டாக்ஸ் ரோட்டில் போய் வாங்கினோம். ஐ.எஸ். 710 என்று தர முத்திரை உள்ள பிளைவுட்டாகப் பார்த்துக் கேளுங்கள், அதில் இருப்பது தண்ணீரைத் தாங்குகிற பசை. 303 எம்.ஆர். என்பது ஈரப்பதத்தைத் தாங்கும், தண்ணீர் நிற்கிற வீட்டுக்கு ஆகாது. நான் சின்னத் துண்டு ஒன்று கேட்டு வாங்கிவந்து, குக்கரில் போட்டுக் கொதிக்கவிட்டுப் பார்த்தேன். அடுக்கு பிரியவில்லை. அதன் பிறகுதான் மீதிப் பணம் கொடுத்தேன்.

உயரம்தான் இந்த அறையிலேயே முக்கியமான விஷயம். சமையலறையில் அம்மா உட்கார்ந்து காய் நறுக்குகிற ஸ்டூலை அளந்தேன், 17 அங்குலம். அதிலிருந்து அவர் கை ஊன்றாமல் எழுகிறார். ஆகவே மெத்தையோடு சேர்த்து 17 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று ஆசாரியிடம் சொன்னேன். கட்டில் 12, மெத்தை 5. பெரியவர்களுக்குக் கட்டில் போடுகிறவர்கள் மெத்தையைச் சேர்க்காமல் அளந்துவிடாதீர்கள். மெத்தையில் உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் பதிய வேண்டும், அதுதான் கணக்கு.

கால்கள் அப்பா கட்டிலின் தேக்குக் கால்கள். ஒவ்வொன்றிலும் ஐந்தங்குலம் வெட்டி எடுத்தார் ஆசாரி. வெட்டும்போது அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார், ஒன்றும் பேசவில்லை. வெட்டிய நான்கு துண்டுகளையும் பொறுக்கி முந்தானையில் வைத்துக்கொண்டார்.

அடியில் பெட்டி வைத்த கட்டில் வேண்டாம் என்று முடிவு செய்தோம். இடம் கிடைக்கும்தான். ஆனால் வருஷம் தவறாமல் மழைக்குப் பயப்படுகிற வீட்டில், தரையோடு ஒட்டிய பெட்டிக்குள் துணியை வைத்துவிட்டுத் தூக்கம் வராது. அதற்குப் பதில் தாழ்வான பிளாஸ்டிக் தொட்டிகள் மூன்று. மழை எச்சரிக்கை வந்தால் ஐந்து நிமிஷத்தில் தூக்கிப் பரணில் போட்டுவிடலாம். மேல்பலகையில் வரிசையாக ஓட்டை போடச் சொன்னேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் மெத்தையின் அடிப்பக்கம் காற்றில்லாமல் பூஞ்சை பிடிக்கும். கட்டிலைச் சுவரிலிருந்து மூன்றங்குலம் தள்ளியும் போட்டிருக்கிறோம். வெள்ளம் குடித்த சுவரில் உப்புப் பூத்துக்கொண்டே இருக்கிறது. அது முழுதாகக் காயும் முன் பெயிண்ட் அடித்து ஒருமுறை பணத்தை இழந்தேன், அப்படியே உரிந்து விழுந்தது. இந்த முறை உரித்துச் சுரண்டிவிட்டு ஒரு கோடை முழுக்கக் காத்திருந்தேன்.

மெத்தை, தேங்காய் நாரில் செய்தது. கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும், பாயில் படுத்துப் பழகிய முதுகுக்கு அதுதான் ஒத்துக்கொண்டது. விரிப்பு மட்டும் தப்பாக வாங்கினேன். எம்.சி. ரோட்டில் 60-க்கு 90 சிங்கிள் பெட்ஷீட் இரண்டு எடுத்தேன். 48 அங்குல அகல மெத்தையில் இரண்டு பக்கமும் ஐந்தைந்து அங்குலம் இறங்கினால் 58 போய்விடுகிறது, மடித்துச் செருக ஒன்றுமே மிச்சமில்லை. காலையில் பார்த்தால் சுருண்டு கிடக்கும். நான்கடி மெத்தைக்கு 90-க்கு 100 டபுள் ஷீட்தான் சரி. சுத்தப் பருத்தியாகப் பார்த்து வாங்குங்கள். மே மாதத்தில் பாலியஸ்டர் விரிப்பில் வயசானவர்களைப் படுக்க வைப்பது கொடுமை.

பிளைவுட், ஆசாரி கூலி, மெத்தை, விரிப்பு, பெயிண்ட் எல்லாம் சேர்த்து 27,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. அம்மா முதல் நாள் ராத்திரியே கட்டிலில் படுத்தார். பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தது அவரேதான்.

ராயபுரத்திலிருந்து

அக்கா, உயரக் கணக்கைப் படித்துவிட்டு உடனே போய் என் மாமியாரின் கட்டிலை அளந்தேன். 24 அங்குலம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆசாரியைக் கூப்பிடப் போகிறோம்.

எங்களுக்குத் தண்ணீர்ப் பிரச்சினை இல்லை, படிக்கட்டுப் பிரச்சினை. பழைய வீடு, இரண்டாம் மாடி, படி இரண்டேமுக்கால் அடி அகலம், நடுவில் ஒரு திருப்பம். அறையை அளந்தோம், வாசலை அளந்தோம், திருப்பத்தை அளக்கவில்லை. சின்ன யானை வண்டியில் கட்டில் வந்து இறங்கியது. தலைமாட்டுப் பலகை ஒரே துண்டு, திருப்பத்தில் மாட்டிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கடைசியில் எதிர்வீட்டு அண்ணன்கள் இரண்டு பேர், காசிமேட்டில் படகுக்குப் போகிறவர்கள், கயிற்றோடு வந்தார்கள். பலகையைப் பழைய போர்வையில் சுற்றி, அவர்கள் போட்ட முடிச்சில் வெளிப்பக்கமாகவே மாடிக்கு ஏற்றினோம். ஒரு கீறல் இல்லை. காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றார்கள். அன்று மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

மாடி வீட்டுக்காரர்கள் வாங்கும் முன், பலகையின் நீளத்துக்கு ஒரு மூங்கில் கழியை எடுத்துப் படியில் ஏற்றிப் பாருங்கள். கழி திரும்பினாலே போதும் என்று நினைக்க வேண்டாம், பலகைக்கு அகலமும் உண்டு. போல்ட் போட்டுப் பிரித்துச் சேர்க்கிற கட்டிலாகக் கேட்பது இன்னும் நல்லது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. இரும்புக் கட்டில் மலிவு என்று எடுத்தால், உப்புக் காற்றில் முதலில் துருப்பிடிப்பது வெல்டிங் வைத்த மூலைகள்தான். மேலே பெயிண்ட் பளபளக்கும், அடியில் அரித்துக்கொண்டிருக்கும். எங்கள் பழைய கட்டில் அப்படித்தான் ஒரு நாள் மூலையோடு உட்கார்ந்துவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை கவிழ்த்துப் போட்டு, துருவைத் தேய்த்து, துருவைத் தடுக்கிற ரெட் ஆக்சைடு பூச்சு அடித்துவிடுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து

வாரியக் குடியிருப்பு, மூன்றாம் மாடி, பையனும் பெண்ணும் ஒரே அறை. இடம் மிச்சமாகும் என்று இரண்டு அடுக்கு மாடிக் கட்டில் வாங்கினேன். முதல் வாரமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மேல்தட்டில் பையன் எழுந்து உட்கார்ந்து கையைத் தூக்கினால் சீலிங் ஃபேன் இறக்கை எட்டுகிற தூரம். ஃபேன் போடாமல் நம் ஊரில் தூங்க முடியுமா? போட்டால் எனக்குத் தூக்கம் இல்லை. கடைக்காரர் முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார். பரவாயில்லை என்று விட்டேன், பிள்ளையின் கை முக்கியம்.

இப்போது இருப்பது இழுவைக் கட்டில். மேலே மூன்றடிக் கட்டில், அதற்கடியில் சக்கரம் வைத்த இன்னொரு மூன்றடிக் கட்டில். பகலில் உள்ளே தள்ளிவிட்டால் இருவரும் தரையில் உட்கார்ந்து படிக்க இடம் கிடைக்கிறது. கீழ்க் கட்டிலுக்கு நான்கங்குல மெத்தைக்கு மேல் போகாதீர்கள், உள்ளே போகாது. தலையணை, போர்வையை எடுத்துவிட்டுத்தான் தள்ள வேண்டும். அந்த வேலையைப் பிள்ளைகளே செய்துவிடுகிறார்கள். யார் மேலே, யார் கீழே என்ற சண்டைக்கு மட்டும் வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்வது என்று தீர்ப்பு.

பெரம்பூரிலிருந்து

சகோதரி, நார் மெத்தை நல்ல தேர்வு. நான் இன்னும் இலவம்பஞ்சை விடவில்லை. போடிநாயக்கனூர்ப் பக்கத்துப் பஞ்சு, எங்கள் அம்மா கல்யாணத்துக்குத் தைத்த மெத்தை. மாதம் ஒருமுறை மொட்டை மாடியில் வெயில் காட்டுகிறேன். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை பஞ்சு அடித்துப் புது உறை தைத்தால் மறுபடி புதுசுதான். இலவம்பஞ்சு லேசில் தண்ணீர் குடிக்காது, மிதக்கும். அந்தக் காலத்தில் கப்பல்களில் உயிர் காக்கும் உடுப்புக்குள் இதைத்தான் அடைத்தார்கள். ஆனால் மெத்தையின் உறை நனைந்தால் காய நாளாகும், அதனால் மழைக் காலத்தில் மேலே தூக்கி வைத்துவிடுவேன்.

ஒன்று கேட்க வேண்டும். அம்மா முந்தானையில் எடுத்து வைத்த அந்த நான்கு துண்டுகள் என்ன ஆயின?

கொருக்குப்பேட்டையிலிருந்து

ராயபுரம் தங்கைக்கு: வெட்டும் முன் மாமியாரைக் கட்டிலில் உட்காரவைத்து அளந்துகொள்ளுங்கள். அவர் என்னுடைய அம்மாவைவிட உயரமாக இருந்தால் 17 தாழ்வாகப் போகும், அதிலிருந்து எழுவதும் சிரமம்தான்.

அந்தத் துண்டுகளை ஒரு வாரம் அம்மா தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். நான் கேட்கவில்லை. அப்புறம் ஒரு நாள் தம்பியைக் கூப்பிட்டு, பீரோவைக் கொஞ்சம் தூக்கச் சொன்னார். நான்கு காலுக்கும் அடியில் ஒவ்வொன்றாக அவரே கைகாட்டி வைக்கச் செய்தார். பீரோ ஐந்தங்குலம் உயர்ந்தது. பரணுக்கும் அதற்கும் இப்போது ஒரு விரற்கடைதான் இடைவெளி. போன மாசம் விடிய விடிய பெய்த மழையில் வாசல் படி வரை தண்ணீர் வந்தது. அம்மா எழுந்து உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் தரையில் பதித்து, ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்.