மோரிஸ் மைனர்: எஞ்சின் கட்டிய பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை, கார்ப்பரேட்டரில் வெடிக்கிறது

செந்தூல் மைனர்:
வணக்கம். வண்டி மோரிஸ் மைனர், 1098 சிசி, பாயிண்ட் (திறந்து மூடும் தொடுமுனை) வைத்த லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டர் (நெருப்பை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடுவது). அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்த காலத்தில் வாங்கியது, விற்க மனம் வரவில்லை. பிளாக்கை வெளியே கொடுத்து, சிலிண்டர்களைக் கடைந்து போர் போட்டு, புது பிஸ்டன், ரிங், பேரிங் வாங்கி, வீட்டுப் போர்ச்சிலேயே எஞ்சினைப் பூட்டினேன். டைமிங் செயின் போட்டபோது இரண்டு பல்சக்கரங்களின் புள்ளிகளும் எதிரெதிரே சரியாக நின்றன. பிறகு முன்புற புல்லியில் உள்ள வெட்டை டைமிங் கவரின் நீளமான முள்ளுக்கு நேராக வைத்து, 1ஆம் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது டிஸ்ட்ரிபியூட்டர் ஸ்பிண்டிலை (அதைச் சுற்றவைக்கும் பல்தண்டு) இறக்கினேன்.

இப்போது ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, பிளக்கில் நெருப்பு வருகிறது, பெட்ரோலும் வருகிறது. ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. கார்ப்பரேட்டர் வழியாகப் படீரென்று வெடிக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தும் பலனில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ராவாங் பழைய கார்:
முதலில் கண்டென்சரை (டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள சின்ன மின்தேக்கி) மாற்றிப் பாருங்கள் பாஸ். புதுசு என்று விற்பதிலேயே பாதி கெட்டவை.

பட்டர்வொர்த் போமன்:
கண்டென்சர் பிறகு. வெடிக்கிறது என்றால் நெருப்பு இருக்கிறது, தவறான நேரத்தில் வருகிறது, அவ்வளவுதான்.

தம்பி, நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒரு சுற்று. அதனால் 1ஆம் பிஸ்டன் உச்சிக்கு இரண்டு தடவை வரும். ஒன்று அமுக்கம் முடியும்போது, இன்னொன்று புகையை வெளியே தள்ளி முடிக்கும்போது. புல்லி வெட்டு இரண்டு தடவையும் அதே முள்ளுக்கு நேராகத்தான் நிற்கும். வால்வு கவரைக் கழற்றி, வெட்டை முள்ளுக்கு நேராக வைத்து, 4ஆம் சிலிண்டரின் இரண்டு ராக்கரையும் (வால்வை அழுத்தும் கைகள்) பாருங்கள். எஞ்சினைச் சுற்றும் கைப்பிடியை லேசாக முன்னும் பின்னும் அசைத்தால் ஒன்று ஏற ஒன்று இறங்கினால், 1ஆம் சிலிண்டர் அமுக்கத்தில் இருக்கிறது. அந்த ஆட்டம் 1ஆம் சிலிண்டரில் தெரிந்தால், இன்னும் ஒரு முழுச் சுற்று போக வேண்டும். சந்தேகம் இருந்தால் ரேடியேட்டர் பக்கத்து பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் கட்டைவிரலை வைத்து யாரையாவது சுற்றச் சொல்லுங்கள். அமுக்கத்தில் வரும்போது காற்று விரலைத் தள்ளிவிடும்.

1ஆம் சிலிண்டர் அமுக்கத்தில் இருக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே சுற்றும் ரோட்டர் எந்த வயரைப் பார்க்கிறது என்று எழுதுங்கள்.

செந்தூல் மைனர்:
பார்த்தேன் அண்ணே. 4ஆம் சிலிண்டர் ராக்கர்கள் ஆடும் இடத்தில் நிறுத்தினேன். ரோட்டர் 4ஆம் வயரைப் பார்க்கிறது. கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறது, ஆனால் கண்டிப்பாக 1ஆம் பக்கம் இல்லை.

கிள்ளான் ஏ-சீரிஸ்:
அப்படியென்றால் நேர் எதிர், 180 டிகிரி. பெட்ரோல் கலவையை உள்ளே விடும் வால்வு திறக்கும் நேரத்தில் நெருப்பு விழுகிறது, கார்ப்பரேட்டரில் வெடிப்பது அதனால்தான். ஸ்பிண்டிலைத் தொடவே வேண்டாம். வயர்களை மாற்றிக் குத்துங்கள்: 1ஐ 4 இருந்த இடத்தில், 4ஐ 1 இருந்த இடத்தில், 2ஐயும் 3ஐயும் அதேபோல். வரிசை 1-3-4-2, ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றும். அந்த வரிசை கெடாது. ஐந்து நிமிட வேலை.

செந்தூல் மைனர்:
மாற்றிக் குத்தினேன், பிடித்துவிட்டது! அக்கம்பக்கத்தில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் ஒழுங்காக ஓடவைக்க டிஸ்ட்ரிபியூட்டரை நிறையத் திருப்ப வேண்டியிருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் துருத்தும் வேக்கம் டப்பா பிளாக்கில் போய் முட்டுகிறது, அதற்கு மேல் திருப்ப இடமில்லை.

பட்டர்வொர்த் போமன்:
கொஞ்சம் தள்ளி நிற்கிறது என்று எழுதினீர்களே, அது இதுதான். எதிர்ப்பக்கம் போட்டதோடு ஸ்பிண்டில் ஒரு பல்லும் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. வயரை மாற்றிக் குத்துவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. இன்றைக்கு ஓடும். நாளைக்கு வேறு யாராவது மூடியைத் திறந்து, புத்தகத்தில் இருப்பதுபோல் வயரைக் குத்தினால் மறுபடி வெடிக்கும். கழற்றிச் சரியாகப் போடுங்கள் தம்பி, பயப்படாதீர்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரையும் அதன் ஹவுசிங்கையும் எடுத்தால் ஸ்பிண்டிலின் முகம் தெரியும். அதன் நடுவில் மரை இருக்கும், 5/16 அங்குல யூஎன்எஃப் (அங்குல நுண்மரை) போல்ட் ஏறும். சுமார் மூன்றரை அங்குல நீளமானது வேண்டும். 8 மில்லிமீட்டர் போல்ட் பார்வைக்கு அதேபோல் இருக்கும், ஆனால் மரை வேறு. பலவந்தமாக ஏற்றினால் ஸ்பிண்டில் வீண். பழைய ஹார்ட்வேர் கடையில் அங்குலக் கணக்கில் கேளுங்கள்.

ஸ்பிண்டில் முகத்தில் உள்ள பள்ளம் நடுவில் இருக்காது, ஓரம் சாய்ந்திருக்கும். அதனால் ஒரு பக்கம் பெரிய அரைவட்டம், மறுபக்கம் சிறியது. 1ஆம் சிலிண்டரை அமுக்கத்தின் உச்சியில் வைத்து, பெரிய அரைவட்டம் மேலே இருக்க, பள்ளத்தைப் படுக்கைவசத்துக்குச் சற்றுக் கீழாகப் பிடித்து உள்ளே விடுங்கள். பல் சாய்வாக வெட்டியிருப்பதால் இறங்கும்போதே அது கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் திரும்பும். முழுதும் இறங்கியதும் பள்ளம் 1 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் நிற்க வேண்டும். 12 மணிக்குப் போனாலோ 3 மணிக்கு வந்தாலோ வெளியே இழுத்து ஒரு பல் மாற்றிப் போடுங்கள். பல்லில் எஞ்சின் ஆயில் தடவ மறக்காதீர்கள். ஹவுசிங்கைப் பிடிக்கும் ஸ்க்ரூ அதற்கென்றே உள்ளது, தலை வெளியே துருத்தக் கூடாது. வேறு போல்ட் போடாதீர்கள்.

ராவாங் பழைய கார்:
ஸ்பிண்டில் வெளியே இருக்கும்போதே அந்த ஓட்டை வழியாக டிரில் போட்டு ஆயில் பம்பைச் சுற்றினால் நல்லதல்லவா? அமெரிக்க வி8 எஞ்சினில் அப்படித்தான் செய்கிறார்கள்.

கிள்ளான் ஏ-சீரிஸ்:
இதில் முடியாது. ஏ-சீரிஸ் (மைனரின் எஞ்சின் வகை) ஆயில் பம்பு கேமின் பின்முனையில் இருக்கிறது, டிஸ்ட்ரிபியூட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றினால் போதும்.

செந்தூல் மைனர்:
இப்போதுதான் முடித்தேன். போல்ட் ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு பழைய கடையில் கிடைத்தது. பள்ளம் 3 மணிக்கு வந்து நின்றது, இழுத்து மறுபடி இறக்கியதில் 1 மணி தாண்டி உட்கார்ந்தது. வயர்களையும் பழையபடி குத்திவிட்டேன். வேக்கம் டப்பா எதையும் தொடவில்லை. இனி டைமிங்கை (நெருப்பு விழும் நேரம்) எப்படித் துல்லியமாக வைப்பது? என்னிடம் டைமிங் லைட் இல்லை.

பட்டர்வொர்த் போமன்:
12 வோல்ட் பல்பு ஒன்று போதும். முதலில் பாயிண்ட் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வையுங்கள், அதை மாற்றினால் டைமிங்கும் மாறிவிடும். டைமிங் கவரில் நீளமான முள் உச்சி, குட்டை முள்கள் அதற்கு முன்னால் 5, 10 டிகிரி. உங்கள் எஞ்சின் எண்ணுக்குப் புத்தகம் சொல்லும் டிகிரியில் புல்லியை நிறுத்துங்கள், சுற்றும் திசையிலேயே வந்து நிறுத்துங்கள், பின்னால் இழுத்து நிறுத்தினால் செயின் தளர்வு கணக்கைக் கெடுக்கும். பல்பின் ஒரு வயர் டிஸ்ட்ரிபியூட்டரில் காயில் வயர் வரும் முனையில், மற்றது பாடியில். சாவியைப் போட்டுவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரை மெதுவாகக் கடிகாரத் திசையில் திருப்புங்கள். பாயிண்ட் திறக்கும் நொடியில் பல்பு எரியும். அங்கேயே கிளாம்பை முடுக்குங்கள்.

எஞ்சின் ஒருமுறை நன்றாகச் சூடேறி ஆறிய பிறகு சிலிண்டர் ஹெட் நட்டுகளை 40 பவுண்ட்-அடிக்கு மறுபடி பாருங்கள், வால்வு இடைவெளி 0.012 அங்குலம், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. புது ரிங் படியும்வரை பெருஞ்சாலையில் விரட்டாதீர்கள்.