பழைய ஸ்போர்ட்ஸ் காரின் உள்பக்க பிளாஸ்டிக் பிசுபிசுக்கிறது, பெயின்ட் உரிகிறது: எங்கிருந்து தொடங்குவது?

ரெண்டு சீட்டு (கேள்வி):

வணக்கம். 1990களின் கடைசியில் வந்த, இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறேன். இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி எதிலும் குறை இல்லை. கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தால்தான் மனசு கேட்கவில்லை.

ஏசி வென்ட்களும் அவற்றைச் சுற்றிய சட்டமும் பிசுபிசுவென்று இருக்கின்றன, தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டிக்கொள்கிறது. முன்பு வண்டியை வைத்திருந்தவர் நடுக் கன்சோலுக்கு மேட் கறுப்பு ஸ்ப்ரே அடித்திருக்கிறார். அது நகம் பட்டாலே செதில் செதிலாக உரிகிறது. கதவு இழுக்கும் கைப்பிடியில் சொரசொரப்பெல்லாம் தேய்ந்து வழவழவென்று மின்னுகிறது, மோதிரம் கீறிய கோடுகளும் உண்டு.

புதுப் பாகங்கள் கிடைக்க வழியில்லை, இருப்பதைத்தான் தேற்றியாக வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே பெயின்ட் அடித்தால் எல்லாமே சரியாகிவிடுமா? சுவிட்சுகளும் லேசாகப் பிசுபிசுக்கின்றன. அவற்றின் மேல் உள்ள வெள்ளைக் குறிகள் போய்விடுமோ என்று தொடவே பயமாக இருக்கிறது.

பட்டறைக்காரர்:

நீங்கள் சொல்லும் மூன்றும் மூன்று வேறு வியாதி. ஒரே மருந்து கொடுத்தால் ஒன்று தேறும், மற்ற இரண்டும் கெடும். அதனால் உப்புத்தாளை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

பிசுபிசுப்பு அழுக்கு இல்லை. தொடும்போது ரப்பர் மாதிரி மென்மையாக இருக்கட்டும் என்று அந்தக் காலத்தில் பிளாஸ்டிக் மேல் பாலியூரித்தேன் பூச்சு கொடுத்தார்கள். காற்றில் உள்ள ஈரம் பல வருடங்களாக அந்தப் பூச்சுக்குள் இறங்கி, அதன் மூலக்கூறுச் சங்கிலியை அறுத்துவிடுகிறது. வெயிலில் நிற்கும் வண்டியில் சூடும் சேர்வதால் இன்னும் வேகமாக நடக்கும். பெராரி 355, 360 போன்ற விலை உயர்ந்த வண்டிகளிலேயே இது ஊரறிந்த தொல்லை. கெட்டுப்போன பூச்சைச் சோப்பு போட்டோ பவுடர் தூவியோ மீட்க முடியாது. அதன் மேலேயே பெயின்ட் அடித்தால், புதுப் பெயின்ட்டில் உள்ள தின்னர் அதை இன்னும் இளக்கி, மேல் கோட் சுருங்கிவிடும். முழுசாக எடுத்துவிடுவதுதான் ஒரே வழி.

கன்சோலில் உரிவது வேறு கதை. அந்தப் பெயின்ட் எப்போதுமே ஒட்டவில்லை. காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும்: பளபளப்புக்குப் போடும் சிலிகான் பாலிஷைத் துடைக்காமலே அடித்திருப்பார்கள், இல்லையென்றால் அது பாலிப்ரொப்பிலீன், பெயின்ட் எளிதில் பிடிக்காத பிளாஸ்டிக். பாகங்களைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், அம்புக்குறிகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கின் பெயர் அச்சாகியிருக்கும். அதைச் சொல்லுங்கள், மிச்சத்தைப் பேசலாம்.

கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிட்டு, சர்வீஸ் புத்தகம் சொல்லும் நேரம் காத்திருங்கள். ஏர்பேக் ஒயர்கள் அந்தப் பக்கம்தான் ஓடுகின்றன. நெம்புவதற்கு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் நெம்பிகள் தனியாகவே கிடைக்கும்.

ரெண்டு சீட்டு:

கழற்றிவிட்டேன். வென்ட் சட்டத்தில் ஏபிஎஸ் என்று இருக்கிறது. கன்சோலில் பிபி-டிடி20. கைப்பிடியில் பிசி+ஏபிஎஸ். கன்சோல் ஓரத்தில் கொஞ்சம் உரித்துப் பார்த்தேன், அடியில் நல்ல அடர் சாம்பல் நிறமும் அதன் சொரசொரப்பும் அப்படியே இருக்கின்றன.

பட்டறைக்காரர்:

நல்லது. ஏபிஎஸ் ஒரு வகைக் கடின பிளாஸ்டிக், பிசி என்பது பாலிகார்பனேட். பிபி-டிடி20 என்றால் 20 சதவீதம் டால்க் பவுடர் கலந்த பாலிப்ரொப்பிலீன். சாதாரண பிரைமர் அதில் ஒட்டவே ஒட்டாது. முதலில் அட்ஹீஷன் புரமோட்டர், அதாவது பெயின்ட்டைப் பிடிக்கவைக்கும் பூச்சு, மெல்லிசாக ஒரு கோட் விழ வேண்டும். அது முழுசாகக் காய்ந்து போவதற்குள், டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள் பெயின்ட்டும் விழ வேண்டும்.

ஏபிஎஸ் பாகத்தில் பிசுபிசுப்பை எடுக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், 90 சதவீதத்துக்கு மேல் உள்ளது. துணியை நனைத்துப் பாகத்தின் மேல் சில நிமிடம் போர்த்தி வையுங்கள். பூச்சு குழம்பாக இளகியதும் வழித்து எடுங்கள், இடுக்குகளுக்கு மென்மையான பிரஷ். துணியை அடிக்கடி மாற்றாவிட்டால் எடுத்ததையே திரும்பப் பூசிக்கொண்டிருப்பீர்கள். எதையும் முதலில் கண்ணில் படாத பின்பக்கத்தில் சோதித்துப் பாருங்கள். அசிட்டோனும் பெயின்ட் தின்னரும் பக்கத்திலேயே வரக்கூடாது: அசிட்டோன் ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும், பிசி கலந்த கைப்பிடியில் முடி மாதிரி வெடிப்பு விழும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், நெருப்பு பக்கத்தில் வேண்டாம், கையுறை போடுங்கள்.

உப்புத்தாள்:

கன்சோல் விஷயத்தில் பட்டறைக்காரர் அண்ணனோடு நான் ஒத்துப்போகவில்லை. அடியில் சாம்பல் நிறமும் சொரசொரப்பும் நன்றாக இருக்கின்றன என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அது நிறம் கலந்தே வார்த்த பிளாஸ்டிக், ஃபேக்டரியில் அதற்குப் பெயின்ட்டே கிடையாது. பிறகு எதற்குத் திரும்ப அடிக்க வேண்டும்? ஒட்டாத பெயின்ட் என்பது இங்கே நமக்கு வசதி. அகலமான பேக்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி இழுங்கள், பாதி வந்துவிடும். மிச்சத்துக்கு ஆல்கஹாலும் நைலான் பிரஷும் போதும். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து அப்படியே மாட்டுங்கள். பெயின்ட் இல்லாத இடத்தில் பெயின்ட் உரியாது.

கைப்பிடிக்குத்தான் உண்மையான வேலை. கைவியர்வையும் சன்ஸ்கிரீனும் அங்கே தினமும் படும். கார் நிறுவனங்களே உள்பக்கப் பாகங்களைச் சன்ஸ்கிரீன் தடவிச் சோதிப்பதற்குக் காரணம் இதுதான். கீறல்களை மொத்தமாகத் தேய்த்து எடுக்கப் பார்த்தால் சுற்றியுள்ள சொரசொரப்பும் சேர்ந்து போகும். கீறிய இடத்தில் மட்டும் பிளாஸ்டிக் பட்டி வைத்து, 400, 600 என்று உப்புத்தாள் மாற்றிச் சமன் செய்யுங்கள். மற்ற இடத்தில் சாம்பல் நிற ஸ்காட்ச்-பிரைட்டால் லேசாக மங்கச் செய்தால் போதும். அப்புறம் சொரசொரப்பைக் கொடுக்கும் டெக்ஸ்சர் ஸ்ப்ரே: வழக்கத்தைவிடத் தள்ளி நின்று, துளிகள் பாதி காய்ந்து விழும்படி அடிக்க வேண்டும். ஒரு பழைய பிளாஸ்டிக் துண்டில் அடித்துப் பக்கத்துப் பாகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கைப்பிடிக்குப் போங்கள். கனமான பிரைமர் வேண்டாம், மிச்சமிருக்கும் சொரசொரப்பையும் அது நிரப்பிவிடும்.

மேலே ஹார்டனர் கலந்த டூ-கே மேட் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்தால் கைப்பிடியில் நிற்கும். ஆனால் அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, தூசி மாஸ்க் அதற்குப் பாதுகாப்பே இல்லை. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். தனியாகக் காற்றுக் குழாய் வைத்த மாஸ்க்கோடு வேலை செய்யும் பெயின்ட்டரிடம் அந்த ஒரு பாகத்தை மட்டும் கொடுத்து வாங்குங்கள்.

சுவிட்ச் பார்ப்பவர்:

சுவிட்சுகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இரவில் குறி ஒளிரும் சுவிட்சா என்று முதலில் பாருங்கள். ஒளிரும் என்றால் அந்த வெள்ளைக் குறி மேலே அச்சடித்ததாக இருக்காது. வெளிச்சம் புகும் வெள்ளை பிளாஸ்டிக் மேல் கறுப்புப் பூச்சு கொடுத்து, குறியின் வடிவத்தில் அதை லேசரால் செதுக்கியிருப்பார்கள். நீங்கள் ஆல்கஹாலால் துடைத்தால் கறுப்பு மொத்தமும் போய், சுவிட்ச் முழுவதும் விளக்கு மாதிரி எரியும், குறி எங்கே இருந்தது என்றே தெரியாது.

லேசான பிசுபிசுப்புதான் என்றால் ஈரத்துணியில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு, அழுத்தாமல் ஒரே ஒரு துடைப்பு, அத்தோடு விட்டுவிடுங்கள். முற்றிப்போனால் குறியோடு சேர்த்து மறுபடி பூசி லேசரில் செதுக்கித் தருபவர்களிடம் கொடுக்க வேண்டியதுதான். எதற்கும் முன்னால் ஒவ்வொரு சுவிட்சையும் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அளவு தெரியும்படி ஒரு ஸ்கேலோடு.

ரெண்டு சீட்டு:

எல்லோருக்கும் நன்றி. கன்சோலில் டேப் வைத்தியம் பிரமாதமாக வேலை செய்தது, ஃபேக்டரி சாம்பல் அப்படியே வெளியே வந்துவிட்டது. பெயின்ட் அடிக்கப் போவதில்லை. சுவிட்சுகளைச் சோப்புத் துணியால் துடைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். கைப்பிடி பெயின்ட்டரிடம் போகிறது.

வென்ட் சட்டத்தில்தான் புதுச் சிக்கல். பூச்சு முழுசாகப் போய்விட்டது, ஏபிஎஸ் சுத்தமாகத் தெரிந்தது. ஸ்காட்ச்-பிரைட் போட்டு, மேட் கறுப்பு முதல் கோட் அடித்ததும் அங்கங்கே பெயின்ட் வட்டமாக விலகிக் குட்டிக் குட்டிப் பள்ளங்கள் விழுந்தன. அடுத்த கோட்டைக் கனமாக அடித்து மூடிவிடலாமா?

பட்டறைக்காரர்:

வேண்டாம் தம்பி. அது சிலிகான். எத்தனை கோட் அடித்தாலும் அதே இடத்தில் விலகிக்கொண்டே இருக்கும். டாஷ்போர்டுக்குப் போடும் பாலிஷ் வருடக்கணக்கில் வென்ட் இடுக்குகளில் இறங்கியிருக்கிறது. ஆல்கஹால் அதைச் சரியாக எடுக்காது. தேய்த்தபோது ஸ்காட்ச்-பிரைட் அதைக் கீறல்களுக்குள் இன்னும் அமுக்கியிருக்கும்.

அடித்ததைக் காயவிடுங்கள். 800 உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துப் பள்ளம் விழுந்த இடங்களைச் சமன் செய்யுங்கள். பிறகு பெயின்ட்டுக்கு முன் போடும் வேக்ஸ்-கிரீஸ் ரிமூவர், பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது ஈரமாக இருக்கும்போதே வேறு காய்ந்த துணியால் எடுக்க வேண்டும். தானாகக் காய விட்டால் சிலிகான் அங்கேயே மறுபடி படிந்துவிடும். இப்படித் துணியை மாற்றி மாற்றி இரண்டு மூன்று தரம். இனி எந்தப் பாகமானாலும் இந்தத் துடைப்பு தேய்ப்பதற்கு முன்னாலும் வேண்டும், பின்னாலும் வேண்டும்.

அதற்குப் பிறகு முதல் கோட்டை மூடுபனி போல மெல்லிசாக, 20-25 சென்டிமீட்டர் தள்ளி நின்று அடியுங்கள். அடிநிறம் தெரிந்தால் தெரியட்டும். பத்து நிமிடம் விட்டு அடுத்தது. மூன்றாவது கோட்டில் நிறம் தானாக நிரம்பும்.

உப்புத்தாள்:

வென்ட் சட்டம் கண்ணாடிக்குக் கீழே வருவதால் மேட்டை விட்டு சாட்டினுக்குப் போகாதீர்கள். கொஞ்சம் பளபளத்தாலும் வெயிலில் அது முன்கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டும்போது உறுத்தும். இன்னொன்று, ஏர்பேக் மூடி எவ்வளவு மங்கியிருந்தாலும் அதற்கு மட்டும் பெயின்ட் அடிக்க வேண்டாம். அது கிழிந்து திறப்பதற்கென்றே மெல்லிய கோடு வைத்து வார்த்தது.

ரெண்டு சீட்டு:

துடைத்து மறுபடி அடித்தேன், இந்த முறை ஒரு பள்ளம்கூட இல்லை! நிறமும் பக்கத்துப் பாகத்தோடு சேர்ந்துவிட்டது. தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கிறது. இன்றே மாட்டலாமா?

பட்டறைக்காரர்:

தொட்டால் காய்ந்தது மேல்பக்கம்தான். ஒரு வாரம் நிழலில் காற்றாட விடுங்கள், இல்லையென்றால் கிளிப் அழுத்தும் இடத்தில் விரல் ரேகையோடு பதிந்துவிடும். மாட்டும்போது எல்லா கனெக்டர்களையும் சொருகி முடித்த பிறகே பேட்டரியை இணையுங்கள். ஏர்பேக் கனெக்டர் ஒன்று விட்டுப்போய் சாவியைத் திருப்பினால் எச்சரிக்கை விளக்கு எரியும், அதை அணைக்க ஸ்கேனர் தேவைப்படும்.