பாலிஷ் போட்ட தேக்குக் கதவில் பித்தளைப் பூ ஒட்டுவது எப்படி?

அல்சூர்வாசி:
தேக்கில் செய்த பூஜை மாடம், பாலிஷ் போட்டாச்சு. கதவு ஒவ்வொன்றும் ஒரே பலகை, 30 செ.மீ. அகலம். சிக்பேட்டையில் வாங்கிய தகட்டுத் தாமரைகள், 6 செ.மீ. அளவு, பின்பக்கம் குழிவாக இருக்கும். கதவின் குறுக்கே ஒரு பித்தளைப் பட்டை, அதன் கீழே சின்ன மணிகள். தச்சர் இன்ஸ்டன்ட் பசையில் ஒட்டிக் கொடுத்தார். மழைக்காலம் வந்ததும் பூக்கள் கழன்று விழுகின்றன, ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருக்கிறது. ஆணி அடிக்காமல் நிற்க என்ன வழி?

உளிக்காரர்:
கழன்ற பூவின் பின்பக்கத்தைப் பாருங்க. பாலிஷ் படலமாக உரிந்து வந்திருந்தால் காரணம் அதுதான்: பசை பாலிஷைப் பிடித்தது, பாலிஷ் மரத்தை விட்டது. இன்ஸ்டன்ட் பசை இறுகினால் கண்ணாடி மாதிரி. மரம் கொஞ்சம் அசைந்தாலே விட்டுவிடும். மரப்பசையும் வேண்டாம், அது உலோகத்தில் பிடிக்காது.

அரால்டைட் மாதிரி இரண்டு டியூப் எப்பாக்ஸி வாங்குங்க, மெதுவாக இறுகும் வகை. கதவைக் கழற்றிப் படுக்க வையுங்க. பூவை வைத்து பென்சிலால் கோடு போட்டு, கோட்டுக்கு 2 மி.மீ. உள்ளே தள்ளி, வெறும் மரம் தெரியும்வரை பாலிஷைச் சுரண்டுங்க. பிறகு 80 நம்பர் உப்புத்தாள். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் அசிட்டோனில் துடைத்து, காய்ந்ததும் தாமதிக்காமல் ஒட்டணும்; விட்டால் எண்ணெய் திரும்ப மேலே வரும். பித்தளையின் பின்பக்கத்தையும் பளபளப்பு போய் மங்கும்வரை 120 நம்பரில் தேயுங்க. கடைப் பித்தளையில் பெரும்பாலும் லாக்கர் (வார்னிஷ் மாதிரி) பூச்சு இருக்கும். துடைத்த துணியில் கருப்பு வருவது நிற்கும்வரை அசிட்டோனில் துடையுங்க. அப்புறம் விரல் படக்கூடாது.

இரண்டு டியூபிலும் சம அளவு எடுத்து, ஒரு ஓட்டுத்துண்டின் மேல் மூன்று நிமிஷம் கலக்குங்க. அளவு தவறினால் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பு போகாது. ஒட்டியதும் பூவின் மேலே மணல் பை வைத்தால் போதும். கிளாம்ப் போட்டு இறுக்கினால் பசை முழுக்க வெளியே பிதுங்கிவிடும். 24 மணி நேரம் தொடாதீங்க. டிசம்பர் குளிரில் இன்னும் ஒரு நாள் விடுங்க.

பித்தளைப்பட்டறை:
மேலே சொன்னது சரி. ஆனால் குழிவான பூ விளிம்பில் மட்டும்தான் மரத்தைத் தொடும், நூல் அளவு பிடிப்புதான். கலந்த எப்பாக்ஸியில் சலித்த தேக்கு மரத்தூளைச் சேர்த்துக் களி பதத்துக்குக் கொண்டுவந்து குழியை நிரப்புங்கள். நடுவில் சற்று மேடாக இருக்கட்டும். எம்-சீலும் ஆகும்.

பட்டையை முழு நீளத்துக்கு ஒட்டவே கூடாது. வெயில் காலத்துக்கும் மழைக்காலத்துக்கும் இடையில் 30 செ.மீ. பலகை குறுக்குவாட்டில் 1 முதல் 2 மி.மீ. வரை விரிந்து சுருங்கும். பித்தளை அப்படி அசையாது. நடுவில் 4 செ.மீ. மட்டும் ஒட்டி, இரு முனையிலும் நீள்வட்டத் துளை போட்டுப் பித்தளை ஸ்க்ரூ வையுங்கள், முழுக்க இறுக்காமல். முதலில் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஏற்றி இறக்கிவிடுங்கள். நேரடியாகப் பித்தளையை முறுக்கினால் தலை ஒடிந்துவிடும். மணிக்குப் பசையே வேண்டாம், கொக்கி திருகுங்கள்.

அல்சூர்வாசி:
நன்றி. இன்னும் ஒட்டியிருக்கும் பூக்களை எப்படி எடுப்பது? ஒரு பூ விளக்குக்கு நேர் மேலே வருகிறது.

உளிக்காரர்:
ஹேர் டிரையரால் சூடாக்கி, ஓரத்தில் மரக்கட்டை வைத்துப் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டுங்க. அசிட்டோன் ஊற்றாதீங்க, சுற்றியுள்ள பாலிஷ் போயிடும். விளக்குச் சூட்டுக்கு எப்பாக்ஸி மட்டும் போதாது, சாதாரண எப்பாக்ஸி 60 டிகிரி சூட்டிலேயே இளகத் தொடங்கும். அதனால் விளக்குக்கு மேலே உள்ள பூவுக்கு மட்டும் இதழ் மடிப்பில் இரண்டு பித்தளை ஊசியாணி அடிச்சிடுங்க, வெளியே தெரியாது.

பித்தளைப்பட்டறை:
புளி போட்டுத் தேய்ப்பதாக இருந்தால் ஒட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். கதவில் ஏறிய பிறகு புளித்தண்ணீர் இடுக்கில் இறங்கினால் மரம் கறுக்கும். அதற்கப்புறம் உலர்ந்த துணி மட்டும்.