கணக்கு கம்ப்யூட்டரில் ஃபைல் எல்லாம் பூட்டிக்கிடக்கிறது. லேன் வயரைப் பிடுங்கிவிட்டேன். அணைக்கலாமா, வேண்டாமா?

கணக்குப்பிள்ளை · காலை 10:25

வணக்கம். திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. எட்டுப் பேர் இருக்கும் ஆபீஸில் வயர் மாட்டத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால் எல்லாம் என் தலையில்.

காலை 9:40-க்கு கணக்கு மென்பொருள் டாலியைத் திறந்தால் டேட்டா இல்லை என்கிறது. ஃபோல்டரைப் பார்த்தால் ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்தில் ஒரு வால். பக்கத்திலேயே ஒரு நோட்பேட் ஃபைல்: பணம் கட்டினால் திறந்து தருவார்களாம், 72 மணி நேரம் கெடு. கை நடுங்கிவிட்டது. லேன் வயரைப் பிடுங்கினேன், வேறு எதையும் தொடவில்லை.

இப்போது ஆளுக்கொன்று சொல்கிறார்கள். முதலாளி "ஆஃப் பண்ணித் தொலை" என்கிறார். வழக்கமாக வரும் ஹார்டுவேர் தம்பி போனில், "ஃபார்மேட் போட்டுடலாங்கண்ணா, ஒரு மணி நேர வேலை" என்கிறான். அணைக்கக் கூடாது என்று எங்கேயோ படித்த ஞாபகம் எனக்கு. பேக்கப் டிஸ்க் அந்த கம்ப்யூட்டரிலேயே மாட்டியிருக்கிறது. எப்போதும் மாட்டியேதான் இருக்கும், திட்டுவதாக இருந்தால் திட்டிக்கொள்ளுங்கள். 20-ம் தேதிக்குள் ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டும். போதாக்குறைக்கு நாளை காலை 9 மணியிலிருந்து பராமரிப்பு மின்தடை. ஜெனரேட்டர் தையல் லைனுக்கு மட்டும்தான், ஆபீஸ் யூபிஎஸ் இருபது நிமிடம் தாங்கினால் அதிகம்.

ராத்திரி_ஷிஃப்ட் · 10:41

முதலில் அந்த பேக்கப் டிஸ்க்கைக் கழற்றுங்கள், இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே. கழற்றி மேசையில் வையுங்கள். "அதில் என்ன இருக்கிறது, ஒருதரம் பார்த்துவிடலாம்" என்று வேறு கம்ப்யூட்டரில் மாட்டாதீர்கள். அப்புறம் வைஃபையை அணையுங்கள். வயரைப் பிடுங்கியதும் பல கம்ப்யூட்டர்கள் சத்தமில்லாமல் வைஃபையில் ஒட்டிக்கொள்ளும்.

செய்துவிட்டீர்களா? சரி. இப்போது ஒன்று பார்த்துச் சொல்லுங்கள்: பூட்டு வேலை முடிந்துவிட்டதா, இன்னும் நடக்கிறதா? ஹார்டுடிஸ்க் விளக்கு விடாமல் மினுக்குகிறதா, நீங்கள் பார்க்கப் பார்க்க ஃபைல் பெயர்கள் மாறுகின்றனவா? இன்னும் நடக்கிறது என்றால் யோசிக்காமல் பவர் வயரை உருவுங்கள். இனிப் பூட்டப்போகும் ஃபைல்களாவது மிஞ்சும். வேலை முடிந்து அமைதியாகக் கிடக்கிறது என்றால் அணைக்காதீர்கள், ரீஸ்டார்ட்டும் வேண்டாம்.

காரணம் மெமரி, அதாவது ராம். கரண்ட் போனதும் அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். 2017 மே 12-ம் தேதி வானாக்ரை என்ற பூட்டு வைரஸ் பரவியபோது, பூட்டுக்கான சாவியைச் செய்யப் பயன்பட்ட பகா எண்கள் சில கம்ப்யூட்டர்களின் மெமரியில் அழியாமல் கிடந்தன. அட்ரியன் கினே என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைத் தேடி எடுக்க விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஒரு கருவி எழுதினார். பெஞ்சமின் டெல்பி அதை விண்டோஸ் 7 வரை நீட்டினார். பணம் கட்டாமலே ஃபைலைத் திறக்க வழி கிடைத்தது, ஆனால் ஒரு நிபந்தனை: கம்ப்யூட்டரை அணைத்திருக்கக் கூடாது. பயந்துபோய் ரீஸ்டார்ட் செய்தவர்களுக்கு அந்த வழி அடைந்துபோயிற்று. எல்லா வைரஸிலும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் எந்த புரோகிராம் ஓடுகிறது, யாரோடு பேசிக்கொண்டிருந்தது என்பதெல்லாம் மெமரியில்தான் இருக்கும்.

இன்னும் சில. மற்ற கம்ப்யூட்டர்களின் லேன் வயரையும் நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து எடுங்கள். இன்டர்நெட் லைனையும் ரூட்டரிலிருந்து எடுங்கள், ஆனால் ரூட்டரை அணைக்காதீர்கள். மலிவு ரூட்டர்களில் பல, அணைத்த நொடியில் லாக்கை, அதாவது யார் வந்து போனார்கள் என்ற பதிவை, மறந்துவிடும். அட்மின் பாஸ்வேர்டு போட்டு அந்த கம்ப்யூட்டருக்குள் நுழையவே வேண்டாம். உள்ளே ஒரு திருட்டு புரோகிராம் உட்கார்ந்திருந்தால், அது காத்திருப்பதே அந்தப் பாஸ்வேர்டுக்குத்தான். திரையை போனில் படம் எடுங்கள், எத்தனை மணிக்கு என்ன செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் பேனாவால் எழுதுங்கள்.

ஃபார்மேட் போடச் சொன்ன தம்பியை இன்றைக்கு ஆபீஸ் பக்கமே விடாதீர்கள்.

பழைய_மதர்போர்டு · 11:02

இருபது வருடமாக ஈரோட்டில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மேலே எழுதியவர் பெரிய கம்பெனி ஆள் போலிருக்கிறது. பனியன் கம்பெனியில் யார் சார் வந்து மெமரியைப் பிரதி எடுக்கப் போகிறார்கள்? 2017 ஜூன் 27-ம் தேதி பரவிய நாட்பெட்யா வைரஸில் கதை நேர்மாறாக இருந்தது. அது ஒரு மணி நேரத்துக்குள் தானே ரீஸ்டார்ட் போட்டு, டிஸ்க்கைச் சரிபார்ப்பதுபோல ஒரு பொய்த் திரையைக் காட்டும். பூட்டு வேலை நடப்பதே அந்தத் திரைக்குப் பின்னால்தான். "சரி, முடியட்டும்" என்று டீ குடிக்கப் போனவருக்கு மொத்த டிஸ்க்கும் போயிற்று. அந்த நொடியில் பவரைப் பிடுங்கியவருக்குத்தான் மிச்சம் தப்ப வழி இருந்தது. அதுவும் எதன் வழியாக வந்தது தெரியுமா? உக்ரைனில் வரிக் கணக்குப் போடும் ஒரு மென்பொருளின் அப்டேட்டில். கணக்குப்பிள்ளைகளுக்கு எங்கேயும் நேரம் சரியில்லை.

ராத்திரி_ஷிஃப்ட் · 11:09

அண்ணா, நானும் அதைத்தானே சொன்னேன்? நடந்துகொண்டிருந்தால் பிடுங்கு, முடிந்துவிட்டால் விட்டு வை. அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா கூட நெட்வொர்க்கிலிருந்து பிரிக்க வழியே இல்லை என்றால்தான் அணைக்கச் சொல்கிறது. இங்கே வயர் ஏற்கெனவே கழன்றுவிட்டது. மெமரியைப் பிரதி எடுக்க இலவச மென்பொருள் இருக்கிறது, வெளி டிஸ்க் புதிதாக ஒன்று இருந்தால் அரை மணி நேரத்தில் முடியும். நாளை 9 மணி வரை நேரம் இருக்கிறது. அதற்குள் தெரிந்த ஆள் யாரும் கிடைக்காவிட்டால் நீங்கள் சொன்னபடி அணைத்துவிடட்டும், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

கணக்குப்பிள்ளை · மதியம் 1:15

டிஸ்க் விளக்கு அமைதியாகத்தான் இருக்கிறது. மினுக்கல் இல்லை. வைஃபை சொன்னபடியே தானாக ஒட்டியிருந்தது, அணைத்துவிட்டேன். பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது, முக்கால் மணி நேரம் நான் வயரைப் பிடுங்கிவிட்ட நிம்மதியில் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

வழி எது என்றும் ஓரளவு தெரிகிறது. ஊரடங்கு நேரத்தில் ஆடிட்டர் வீட்டிலிருந்து பார்ப்பதற்காக ரூட்டரில் 3389 போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையும் வாசலை, திறந்து கொடுத்தோம். அதை மூடவே இல்லை. பாஸ்வேர்டு கம்பெனி பெயரும் 123-ம். பேக்கிங் பிரிவு கம்ப்யூட்டரிலும் அதே வால். டிஸ்பாட்ச் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது, ஆனால் நம்பிப் பயன்படுத்தலாமா?

ராத்திரி_ஷிஃப்ட் · 1:32

வேண்டாம். நன்றாக இருப்பதுபோல் தெரிகிற கம்ப்யூட்டர்தான் எனக்கு அதிக பயம். ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வந்தவன் பூட்டு போடுவதற்குச் சில நாள் முன்னாலேயே வந்து சுற்றிப் பார்த்திருக்கலாம். பாஸ்வேர்டுகளை எல்லாம் உங்கள் போனில், ஆபீஸ் வைஃபை இல்லாமல் மொபைல் டேட்டாவில் மாற்றுங்கள். பேங்க், மெயில், ஜிஎஸ்டி தளம் இந்த மூன்றும் முதலில். பிரவுசரில் சேமித்து வைத்தவை எல்லாம் போனதாகவே கணக்கு வையுங்கள். பேங்கில் பணம் குறைந்திருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

முதலாளியிடம் இன்னொன்று சொல்லுங்கள்: 2022 ஏப்ரல் 28-ம் தேதி உத்தரவின்படி இப்படிப்பட்ட சம்பவத்தைத் தெரிந்துகொண்ட 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் பார்த்தது 9:40. மிரட்டல் ஃபைலையும் பூட்டிய ஒரு ஃபைலையும் நோ மோர் ரான்சம் தளத்தில் காட்டிப் பாருங்கள். 2016-ல் யூரோபோலும் டச்சு போலீஸும் சேர்ந்து தொடங்கியது. சில வகைகளுக்கு இலவசச் சாவி இருக்கிறது. பெரிய நம்பிக்கை தரவில்லை, பார்ப்பதில் நஷ்டமும் இல்லை.

பழைய_மதர்போர்டு · 1:50

தம்பி, மின்தடையை ரொம்பத் திட்டாதீர்கள். அதே நாட்பெட்யாவில் மெர்ஸ்க் கப்பல் கம்பெனிக்கு உலகம் முழுக்க டொமைன் கன்ட்ரோலர்கள், அதாவது யார் உள்ளே நுழையலாம் என்று பார்க்கும் சர்வர்கள், அழிந்துபோயின. கானாவில் ஒன்று மட்டும் தப்பியது, அன்றைக்கு அங்கே கரண்ட் இல்லாததால். அதை வைத்துத்தான் மறுபடி எழுந்தார்கள். உங்கள் ஆபீஸிலும் அணைந்தே கிடக்கிற மிஷின் ஏதாவது இருக்கிறதா, யோசித்துப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை · 3:20

3:05-க்கு செர்ட்-இன்னுக்கு மெயில் போய்விட்டது, முதலாளியே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் போனில் அடித்தேன்.

பழைய பில்லிங் கம்ப்யூட்டர் ஒன்று எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) போய் இரண்டு மாதமாக சர்வீஸ் கடையில் கிடக்கிறது! ஆடி மாதம் வரைக்கும் டாலி டேட்டா முழுக்க அதில் இருக்கும். மிச்சத்தை பில் புத்தகம் பார்த்து ஏற்றிவிடுவேன். முதலாளி வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ராத்திரி_ஷிஃப்ட் · 3:24

போன் செய்து சொல்லுங்கள்: கொண்டு வந்து உங்கள் ஆபீஸ் லேனில் மாட்ட வேண்டாம். அந்த ஹார்டுடிஸ்க்கைக் கழற்றி, கடையிலேயே, நெட் இல்லாத ஒரு மிஷினில் பிரதி எடுக்கட்டும். இரண்டு பிரதி.

கணக்குப்பிள்ளை · 3:31

சொல்லிவிட்டேன். நாளை காலை 8 மணிக்கு மெமரி பிரதி எடுக்க கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வருகிறார். சாயங்காலம் பெருக்க வரும் அக்கா மேசைக்கு அடியில் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் போவார். அதன்மேல் அட்டை வைத்து டேப் ஒட்டியிருக்கிறேன், போதாது என்று அக்காவுக்கு போனும் செய்துவிட்டேன்.